யாருக்குக் களை?

நடவு முடிந்து 15, 20 நாளில் முதல் களைக்கு ஆள் இறங்கிவிடும். நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து இறைத்து வெளியேற்றும் தண்ணீர் வாலாஜா ஏரி வழியாகப் போய்ச் சேரும் சேத்தியாத்தோப்புப் பக்கத்து வயல்களிலும் இதுதான் வழக்கம். வரிசையாகக் குனிந்து நகரும் பெண்களின் விரல்களைக் கவனித்தால், அவர்கள் நிறத்தையோ உயரத்தையோ பார்த்துப் பிடுங்குவதில்லை என்பது தெரியும். அந்த வயதில் நெல்லும் குதிரைவாலிப் புல்லும் ஒரே உயரம், ஒரே பச்சை. வித்தியாசம் இருப்பது இலை தண்டைத் தழுவும் இடத்தில். நெல்லுக்கு அங்கே சின்ன நாக்கைப் போல ஒரு மெல்லிய சவ்வு நீட்டிக்கொண்டிருக்கும். அதன் இரு பக்கமும் மயிர் படர்ந்த காதுமடல்கள். புல்லில் அந்த இடம் மொட்டையாக இருக்கும். இதைக் குனிந்து தேடிப் பார்க்க நேரம் கிடையாது. தூரைத் தொட்டதும் கைக்குத் தெரிந்துவிட வேண்டும். தெரியாதவளை வரிசையில் விடமாட்டார்கள், நெல்லைப் பிடுங்கிவிடுவாள் என்று.

இந்த ஒற்றுமை தற்செயலாக வந்ததல்ல. நெல்லைப்போல் இல்லாத புல் எல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கையில் சிக்கியது. நெல்லைப்போல் தெரிந்தது தப்பித்து விதை போட்டது. களையெடுப்பவர்கள் தங்களை அறியாமலேயே களையை நெல்லின் சாயலுக்கு வளர்த்தெடுத்தார்கள். ரஷ்யத் தாவரவியலாளர் நிகொலாய் வாவிலோவின் பெயரால் இந்த வேடத்தை இன்று அறிவியல் குறிப்பிடுகிறது. யாங்சி ஆற்றுப் படுகையின் குதிரைவாலிப் புற்களின் மரபணுத் தொகுதியைப் படித்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. அங்கே இந்த வேடம் ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும் என்பது அதன் கணிப்பு. வாவிலோவ் இன்னொன்றையும் கவனித்தார். ரையும் ஓட்ஸும் ஒரு காலத்தில் கோதுமை வயலின் களைகள். கோதுமை தாங்காத குளிரிலும் கெட்ட மண்ணிலும் அவை தாங்கின. உழவர் அவற்றையே விதைக்கத் தொடங்கினார்கள். வயலில் நாம் பிடுங்கும் புல்லின் நெருங்கிய சொந்தம்தான் கடையில் குதிரைவாலி அரிசி என்று நல்ல விலைக்குப் போகிறது.

ஒரு செடி எப்போது பயிர், எப்போது களை என்பதைச் செடி தீர்மானிப்பதில்லை. நிலத்தின் கணக்கை யார் வைத்திருக்கிறார்களோ அவர்கள் தீர்மானிக்கிறார்கள். பிடுங்குபவர் பெரும்பாலும் வேறு ஆளாக இருக்கிறார். தமிழ் நிலத்தில் இந்தக் கதைக்கு இரண்டாயிரம் ஆண்டு வயது.

நெய்தல் என்ற பூவின் பெயரில் ஒரு திணையே உண்டு. கடற்கரை, பிரிவு, இரங்கல் என்று அந்தப் பூவைச் சுற்றி ஒரு கவிதை உலகம் கட்டப்பட்டது. அதே பூ மருத வயலுக்குள் தலைகாட்டினால்? புறநானூற்றின் 61-ஆம் பாடல் காட்டும் சோழ நாட்டு வயலில் உழத்தியர் நெய்தலையும் ஆம்பலையும் களையாகப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். பாடலில் அதற்காக யாரும் வருந்தவில்லை. வேலை நடக்கிறது, அவ்வளவுதான்.

பல நூற்றாண்டு கழித்துக் கம்பன் அதே காட்சியைப் புரட்டிப்போட்டு விளையாடினான். நாட்டுப் படலத்தில் களையெடுக்க இறங்கிய உழவர்களுக்கு வயலில் உள்ள பூக்களெல்லாம் தங்கள் பெண்களின் கண்ணாகவும் முகமாகவும் வாயாகவும் தெரிகின்றன. கள் மயக்கம் வேறு. கை வராமல் நிற்கிறார்கள். கோசலத்தில் களையெடுப்பு நின்றுபோனதற்கு அழகு காரணம். கடலூர் மாவட்டத்தில் நின்றுபோனால் கூலித் தகராறாகத்தான் இருக்கும்.

வள்ளுவர் இந்த மென்மைக்கு இடம் கொடுக்கவில்லை. செங்கோன்மை அதிகாரத்தில் கொடியவரை அரசன் தண்டிப்பதைப் பயிருக்குக் களையெடுப்பதோடு ஒப்பிடுகிறார். களை அங்கே வயலை விட்டு ஊருக்குள் வந்துவிட்டது. யாரைப் பிடுங்குவது என்று முடிவு செய்யும் உரிமையும் அரசனிடம் போய்விட்டது. இன்றும் கட்சிக் கூட்டங்களில் களையெடுப்பு என்ற சொல் விழுந்தால் யாரும் மண்வெட்டியைத் தேடுவதில்லை.

வீட்டு வாசலுக்கும் வயலுக்கும் நடுவே ஒரே செடி இரண்டு வாழ்க்கை வாழ்வது தமிழர்களுக்குப் புதிதல்ல. அறுகு பிள்ளையாருக்குப் போகும்; அறுகுபோல வேரோடித் தழைக்க வேண்டும் என்று மணமக்களை வாழ்த்துவார்கள். உழவரைக் கேட்டால் அந்த வேரோட்டம்தான் வினையே என்பார். கோரைக்கிழங்கு வாசனைக்காகக் குளியல் பொடியில் சேரும். அதே கோரைதான் 1977-இல் லீராய் ஹோமும் அவருடைய கூட்டாளிகளும் தொகுத்த உலகின் கொடிய களைகள் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இரண்டாமிடம் அறுகுக்கு. ஆக, உலகின் முதல் இரண்டு களைகளுக்கும் நம் வீடுகளில் மரியாதையான இடம் இருக்கிறது.

களையெடுத்துத் திரும்பும் பெண்ணின் மடியையும் பார்க்க வேண்டும். பண்ணைக்கீரை, பருப்புக்கீரை, பொன்னாங்கண்ணி, மூக்கிரட்டை: வயல்காரர் கணக்கில் களை, அவள் கணக்கில் இராத்திரிக் குழம்பு. கூலியோடு எழுதாமல் சேர்ந்த வரும்படி அது. 1940-களில் 2,4-டி போன்ற களைக்கொல்லிகள் வந்து, பின்னர் இங்கேயும் பரவியபோது வேலைநாள் குறைந்தது மட்டும் கணக்கில் வந்தது. மடி காலியானதை யாரும் கணக்கெடுக்கவில்லை. வயல்காரர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. களை முற்றும் அந்த ஒரு வாரத்தில் ஆள் கிடைக்காவிட்டால் விளைச்சலில் பெரும்பங்கு போய்விடும்.

கீழாநெல்லிக்குக் கொஞ்ச காலம் பெரிய மரியாதை கிடைத்தது. வரப்போரத்தில் அரை அடி உயரத்துக்கு நிற்கும் அந்தச் செடியை மஞ்சள் காமாலைக்கு அரைத்துக் கொடுப்பது பழைய வைத்தியம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைடிஸ்-பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கும் சேர்ந்து நடத்திய ஆய்வு 1988-இல் லான்செட் இதழில் வந்தது. கீழாநெல்லி கொடுக்கப்பட்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போயிருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. கீழாநெல்லி மறுபடி வரப்போரத்துக்கு வந்தது. கிராமத்தில் அதை அரைத்துக் குடிப்பவர்கள் நடுவில் நிறுத்தவுமில்லை, லான்செட்டைப் படிக்கவுமில்லை.

இவையெல்லாம் வயலளவில் நடந்த கதைகள். ஆட்சியாளர்கள் ஒரு செடியைக் கொண்டுவந்து, கொண்டாடி, பிறகு எதிரி என்று அறிவித்த கதைகள் வேறு அளவு.

முதலில் சப்பாத்திக்கள்ளி. மெக்சிகோவில் கள்ளியில் வளரும் கொச்சினீல் பூச்சியிலிருந்து வந்த சிவப்புச் சாயம் ஸ்பெயினுக்குத் தங்கமாக விளைந்தது. அந்த ஏகபோகத்தை உடைக்கக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆசை. சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் 1780-களின் பிற்பாதியில் அந்த வேலையில் இறங்கினார். சைதாப்பேட்டைப் பக்கம் கள்ளித் தோட்டமே போட்டார்கள். பூச்சி வரும் முன்பே அதற்குச் சாப்பாடு தயார். 1795-இல் நீல்சன் என்ற கப்பல் தலைவர் பிரேசிலிலிருந்து வங்காளத்துக்குப் பூச்சியைக் கொண்டுவந்து சேர்த்தார். வந்தது வேறு வகைப் பூச்சி. சாயம் மட்டமாக இருந்தது. வியாபாரம் எழும்பவில்லை.

ஆனால் பூச்சிக்குப் பசி இருந்தது. கள்ளியின் ஒரு வகையை அது இருந்த இடம் தெரியாமல் தின்று தீர்த்தது. சாயத்துக்காக வந்தது கள்ளியைக் கொல்ல உதவும் என்று அப்போதுதான் புரிந்தது. 1836–38-இல் வட இந்தியாவிலிருந்து தென்னிந்தியாவுக்கும், 1860-களில் இலங்கைக்கும் அந்தப் பூச்சியை வேண்டுமென்றே கொண்டுபோய்க் கள்ளியில் விட்டார்கள். ஒரு களையை ஒழிக்க ஒரு பூச்சியை ஏவிய உலகின் முதல் முயற்சிகளில் இதுவும் ஒன்று. தமிழ்நாட்டில் வேலியாக வைத்து மேய்ச்சல் நிலமெல்லாம் பரவிய இன்னொரு வகைக் கள்ளியை இந்தப் பூச்சி தொடவில்லை. அதற்கு 1926 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இலங்கை வழியாக வந்த வேறொரு கொச்சினீல் பூச்சி, தென்னிந்தியாவிலும் இலங்கையிலுமாக ஏறக்குறைய 40,000 ஹெக்டேர் கள்ளியை ஐந்தாறு ஆண்டுகளில் உருக்கிவிட்டது. நச்சுக்களைகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்த சென்னை மாகாண வேளாண் பூச்சி, நோய்ச் சட்டம் 1919-இலேயே வந்திருந்தது. சட்டம் முடிக்காததைப் பூச்சி முடித்தது. சிவந்த கள்ளிப்பழத்தை முள் நீக்கித் தின்று நாக்கைச் சிவப்பாக்கிக்கொண்ட பிள்ளைகளிடம் யாரும் கருத்துக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்தது சீமைக்கருவேலம். கடலூர்ப் பக்கத்தில் வேலிகாத்தான் என்று சொன்னால்தான் சட்டென்று புரியும். சென்னை மாகாணத்தின் வடக்கு வட்ட வனக் காப்பாளர் பெடோம் 1876-இல் இதன் விதையைக் கேட்டு அரசுக்கு எழுதினார். ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. 1877–78 வாக்கில் கடப்பைச் சீமையின் கமலாபுரத்தில் ஊன்றினார்கள். தாது வருஷப் பஞ்சம் மனிதர்களைக் கொன்றுகொண்டிருந்த ஆண்டுகள் அவை. வறண்ட நிலத்தில் தண்ணீரில்லாமல் வளரும், ஆடு மாடு இலையைக் கடிக்காது, வெட்ட வெட்டத் துளிர்க்கும், விறகு நன்றாக எரியும். அன்று இவை நாலும் நற்சான்றிதழ். இன்று குற்றப்பத்திரிகையில் இருப்பவையும் கிட்டத்தட்ட இவையே. செடி தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

ஏரிக்குள்ளும் வாய்க்காலுக்குள்ளும் அது புகுந்ததற்கு மரத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஊர் கூடித் தூர்வாரும் வழக்கம் நின்றது. மேய்ந்த ஆடு மாடு காயைத் தின்று விதையைச் சாணத்தோடு போட்டுப் போனது. 2015-இல் அரசியல் தலைவர் வைகோ மரத்தை அகற்றக் கோரி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடுத்தார். 2017-இன் தொடக்கத்தில் நீதிமன்றம் முடுக்கிவிட, மாவட்டம் மாவட்டமாக ஜேசிபி இறங்கியது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது, நிழலில் கட்டிய மாடு மலடாகிறது என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் பரவியவற்றுக்கும் அறிவியலுக்கும் சம்பந்தம் குறைவு. சில மாதங்களிலேயே உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து, நிபுணர்களைக் கேட்க வேண்டும் என்றது. 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது.

இடையில் இராமநாதபுரத்துக் கரிமூட்டக்காரர்கள் பேச்சில் வரவேயில்லை. வெட்டிய கட்டைகளை நெருக்கி அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீ வைத்து, காற்று புகாமல் நாள்கணக்கில் காவல் இருந்து கரி எடுப்பவர்கள் அவர்கள். மழை பொய்த்த ஆண்டிலும் பொய்க்காத விளைச்சல் அது. சீமைக்கருவேலத்தை நீர்நிலைகளிலிருந்தும் காடுகளிலிருந்தும் எடுக்கத்தான் வேண்டும். கூலிக்கு மாற்று வழி சொல்லாமல் எடுத்தால், ஒரு நூற்றாண்டுக்கும் முன்பு கேட்காமல் நட்டதைப் போலவே இப்போது கேட்காமல் பிடுங்குவதாகும்.

பார்த்தீனியத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1950-களின் நடுவில் புனேயில் கண்ணில் பட்டது. அமெரிக்கக் கோதுமையோடு வந்தது என்று மக்கள் நம்பினார்கள். வடக்கே அதற்குக் காங்கிரஸ் புல் என்று பெயர் வைத்து ஆளுங்கட்சியையும் சேர்த்துத் திட்டினார்கள். தோல் அரிப்பும் மூச்சுத் திணறலும் தருவது உண்மை. 1984-இல் பெங்களூரில் மெக்சிகோ வண்டு ஒன்றை விட்டுப் பார்த்தார்கள், ஓரளவு தின்கிறது. யாருடைய கணக்கிலும் வரவில் சேராத செடி என்றால் இதுதான்.

இந்த வரலாறு முழுவதும் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் நெய்வேலிக்குப் போகலாம். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு வெட்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. 1956-இல் பழுப்பு நிலக்கரி எடுக்கும் நிறுவனம் பிறந்தது. 1957 மே மாதம் நேரு சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படிவம் வெளிச்சத்துக்கு வந்தது. முந்திரியும் பலாவும் மானாவாரிப் பயிரும் இருந்த மேட்டு நிலம் வட்டம் வட்டமாக எண்ணிட்ட நகரியமும் சுரங்கமும் ஆனது.

ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அகற்ற வேண்டும். ஜெர்மன் தொழில்நுட்பத்தில் வந்த பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்கள் அதை வெட்ட, கன்வேயர் சுமந்துபோக, ஸ்ப்ரெட்டர் கொட்டுகிறது. பல பத்து மீட்டர் ஆழத்தில் கிடந்த மணலும் களிமண்ணும் மேலே வந்துவிடுகின்றன. வேரையே பார்த்திராத மண். மட்கு இல்லை, தழைச்சத்து இல்லை, மழை பெய்தால் அரிக்கும், காய்ந்தால் இறுகும். சவுக்கும் வேம்பும் நட்டு இந்த மேடுகளைப் பசுமையாக்கும் வேலை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இந்த மண்ணில் பயிர் எடுக்கும் ஆய்வுகளும் நடந்தன. அதே நிலக்கரியிலிருந்து எடுக்கும் ஹியூமிக் அமிலம் மண்ணுக்கு உரமாகவும் போகிறது.

நட ஆள் வருவதற்கு முன்பே அங்கே வந்துவிடுபவை இருக்கின்றன. இந்தப் பக்கத்து வெறும் மேடுகளில் பஞ்சுவைத்த விதையைக் காற்றில் பறக்கவிட்டு எருக்கு வரும். கொழிஞ்சி வரும், அதன் வேர் முடிச்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்கு இழுக்கும். இரண்டையுமே உழவர்கள் தழையுரமாக வயலில் போட்டு மிதித்திருக்கிறார்கள். புல் வந்து மண்ணைப் பிடிக்கும். நகரியத்துக் குடியிருப்பின் முன்வாசலில் முளைத்தால் தோட்டக்காரர் கொத்தி எறியும் அதே கூட்டம், மண்மேட்டில் சம்பளமில்லாத முதல் ஷிப்ட் பார்க்கிறது.

சுரங்கத்தின் மறுமுனையில் நடந்தது வேறு. 2023 ஜூலை இறுதியில், மேல்வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கின. வழியில் இருந்தது கதிர் விடும் பருவத்து நெல். நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டுவிட்டது, பயிரிடக் கூடாதென்று சொல்லியிருந்தோம் என்பது நிறுவனத்தின் வாதம். நிறுவனத்தின் ஆவணப்படி அந்த நெல் அங்கே இருக்கக் கூடாத செடி. உழவருக்கு அது அடுத்த இரண்டு மாதத்தில் அரிசி. தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைப் பார்த்த தமிழ்நாடு கொதித்தது. அறுவடை வரை பொறுத்திருக்கக் கூடாதா என்று உயர்நீதிமன்றம் கேட்டது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னது. அறுகையும் கோரையையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்த விவாதம் இங்கே நெல்லுக்கே வந்து நிற்கிறது. நெல்லையும் குதிரைவாலியையும் தூரைத் தொட்டுப் பிரித்தறியும் விரல்கள் இருக்கும் வட்டாரத்தில், இரண்டையும் பிரிக்கத் தேவையே இல்லாத இயந்திரம் இறங்கியது.

பழுப்பு நிலக்கரி தோண்டிய மற்ற நாடுகள் மண்மேட்டுக் களைகளை எப்படி நடத்தின என்பதையும் பார்க்கலாம். செக் நாட்டின் மோஸ்ட் பகுதியில் காரல் பிராக் என்ற தாவரச் சூழலியலாளர், மனிதர் நடாமல் விட்ட மண்மேடுகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார். முதல் ஆண்டுகளில் ஓராண்டுக் களைகள், பிறகு பல்லாண்டுப் புல், பிறகு புதர். ஏறத்தாழ 20 ஆண்டுகளில் மண் மூடிவிடுகிறது. செலவழித்து மரம் நட்ட மேடுகளைவிட, விட்டுவைத்த மேடுகளில் பல்வகைமை பெரும்பாலும் கூடுதல். ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதியில் நாபு என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் அறக்கட்டளை, கைவிட்ட நிலக்கரிச் சுரங்க நிலத்தையே விலைக்கு வாங்கி, க்ரூன்ஹவுஸ் என்ற இடத்தில் அதன்போக்கில் விட்டிருக்கிறது.

இதை அப்படியே கடலூர் மாவட்டத்துக்குக் கொண்டுவர முடியாது. மோஸ்டில் ஆளில்லாமல் விட்டால் புல்லும் புதரும் வரும். இங்கே விட்டால் வேலிகாத்தான் காடு வர வாய்ப்பு அதிகம். மேய்ச்சல் ஆடுகள் விதையைச் சுமந்துவரும். பார்த்தீனியத்துக்குக் காற்றும் லாரி டயரும் போதும். ஆனால் எல்லா மேட்டிலும் ஒரே மாதிரி மரவரிசை நட்டு, இடையில் முளைத்ததை எல்லாம் கொத்திப் போடுவதும் வீண்செலவு. ஒரு மேட்டின் ஒரு சரிவையாவது நடாமல் விட்டு, சீமைக்கருவேலம், பார்த்தீனியம் ஆகிய இரண்டை மட்டும் கன்றிலேயே பிடுங்கி, மற்றவற்றைத் தொடாமல், ஒவ்வொரு ஆண்டும் வடகிழக்கு மழை ஓய்ந்த தை மாதத்தில் என்னென்ன முளைத்திருக்கின்றன என்று எழுதி வைக்கலாம். பிடுங்குவதற்கும் பெயர் எழுதுவதற்கும் பக்கத்து ஊர்களில் களையெடுத்துப் பழகிய பெண்களையே கூலிக்கு அமர்த்தலாம். எந்தச் செடி எந்தக் கறிக்கு, எந்த வியாதிக்கு, எதை ஆடு தொடாது என்பது வரை அவர்களுக்குத் தெரியும். வேலைக்கு எடுப்பவர்கள் அதையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.